நாள்தோறும் ஒரு பிடி நன்றி

(மகாவீரர் வீடுபேற்றுத் திருநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

'நன்றியுணர்வும் அன்றாட வளர்ச்சியும்' என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. இக்காலத்தில் வாழ்க்கைப் பயிற்சியாளர்கள் பலர் இதைப் பற்றிப் பேசுகின்றனர். உறங்கப் போகுமுன் அன்று கிடைத்த நன்மைகளுள் மூன்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், மனம் தெளியும் என்கின்றனர். நல்ல பழக்கந்தான்; குறை கூறுவதற்கில்லை. ஆயினும் தமிழ் படித்தவன் என்ற முறையில் அதனோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. 'நன்றி' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் நன்மை என்பதே பொருள். பிறர் நமக்குச் செய்த நன்மையை அறிந்திருத்தல் என்பதே இத்தொடரின் கருத்து. உணர்தல் என்னாமல் அறிதல் என்று வைத்திருப்பதைக் கவனியுங்கள். உணர்ச்சி வரும், போகும். அறிவு நிற்கும். யார் செய்தார், என்ன செய்தார், அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே அறிதல். பெயர் தெரியாத நன்றி பாதி நன்றிதான்.

நம் முன்னோர் இதனைக் கல்லிலேயே செய்து காட்டியுள்ளனர். கோவில்பட்டியை அடுத்த கழுகுமலைக்குச் சென்றவர்கள் அங்குள்ள பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகளைக் கண்டிருப்பீர்கள். பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டையும் அதனை ஒட்டிய காலத்தையும் சார்ந்தவை அவை. பல திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் சிறு குறிப்பு இருக்கிறது. இதனைச் செய்வித்தவர் இன்ன ஊரினர், இன்னாருடைய மாணாக்கர் என்று அது கூறும். ஆசிரியைகளாக விளங்கிய குரத்தியர் பெயர்கள் அங்கே உண்டு. கைத்தொழில் செய்தோர் பெயர்களும் உண்டு. சில திருமேனிகள் தமக்காக அன்றிப் பிறர் பொருட்டுச் செய்விக்கப்பட்டவை. இன்றைய விருதுநகர் மாவட்டத்து ஆவியூருக்கு அருகில் உள்ள குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும்பள்ளி இருந்தது. அப்பள்ளியைச் சார்ந்தோர் பெயர்களை மதுரைச் சமணமலையில் இன்றும் படிக்கலாம். பள்ளியின் கட்டடம் அழிந்தது. மாணாக்கர் தம் ஆசிரியரின் பெயரைப் பொறித்து வைத்த நன்றி ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கிறது.

இன்று நாம் கூடியிருப்பதும் நன்றியின் பொருட்டே. கி.மு. 527இல் பாவாபுரியில் மகாவீரர் வீடுபேறு எய்தினார் என்பது நம் மரபு. அந்நாளை நினைந்து அதிகாலையில் விளக்கேற்றுகிறோம். அந்த விளக்கை எதனால் ஏற்றினோம் என்று எண்ணிப் பார்த்தோமா? நம்மில் பெரும்பாலோர் ஒரு தீக்குச்சியால் ஏற்றியிருப்போம். அந்தத் தீப்பெட்டி பெரும்பாலும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து வந்திருக்கும்.

விருதுநகர் மாவட்டத்தில் தமிழாசிரியனாகப் பல ஆண்டு வாழ்ந்தவன் நான். மழை குறைந்த கரிசல் பூமி அது. உழவை மட்டும் நம்பி உயிர் வாழ இயலாத நிலையில் அம்மக்கள் கைத்தொழிலை நாடினர். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணத்தாள் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழில் வளர்ந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டி, குழந்தைகளின் எழுதுபுத்தகம், திருமண அழைப்பிதழ் என எத்தனையோ பொருள்கள் அவ்வூரிலிருந்து வருகின்றன.

இப்போது நம் உள்ளத்தை உறுத்த வேண்டிய கேள்விக்கு வருகிறேன். நாம் பட்டாசு வெடிப்பதில்லை. நெருப்பிலும் காற்றிலும் உயிர் காண்பது நம் சமயம். ஓரறிவு உயிருக்கும் தீங்கு நேரலாகாது என்று இரவு உணவையே விலக்கியவர்கள் நாம். வெடியோசையில் பறவைகள் கூடு துறந்து பறப்பதையும், புகையில் சிற்றுயிர்கள் மடிவதையும் அறிந்து அதனை விலக்குகிறோம். இந்நெறியில் எனக்கு ஐயமில்லை. பிள்ளைகளுக்கும் இதனையே கற்பியுங்கள்.

ஆனால், 'நாங்கள் பட்டாசு வாங்குவதில்லை. ஆகவே சிவகாசிக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை' என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அது பொருந்தாது. தீக்குச்சியில் தொடர்பு உண்டு. நாள்காட்டியில் தொடர்பு உண்டு. பிள்ளையின் எழுதுபுத்தகத்தில் தொடர்பு உண்டு. ஒரு பொருளை மறுப்பது நம் விரதம். அப்பொருளைச் செய்யும் மனிதரை மறப்பது விரதமாகாது.

அம்மனிதரின் ஒரு நாளை அறிந்துகொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் மருந்துக் கலவையை முடிக்க வேண்டும் என்பதால் விடியற்காலையிலேயே பட்டாசு ஆலைப் பேருந்துகள் ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிச் செல்லும். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சிறு சிறு அறைகள். இவ்வறையில் இத்தனை பேர், இத்தனை அளவு மருந்து என்று சுவரில் எழுதியிருக்கும். பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும். ஓர் உரசல், ஓர் அவசரம், அளவுக்கு மீறிய ஒரு குவியல் போதும். அறையே இல்லாமற் போகும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் பல குடும்பங்கள் அழிந்தன. சிற்றுயிருக்கு இரங்கும் நாம் இவ்வுயிர்களுக்கு இரங்காதிருக்க முடியுமா?

ஒருமுறை என் வகுப்பில் 'நான் நன்றி கூற வேண்டியவர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். மாணவர் பலர் தலைவர்களைப் பற்றி எழுதினர். ஒரு மாணவி மட்டும், ஆலையிலிருந்து திரும்பும் தன் தாய் சோறு பிசையுமுன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும், அப்படியும் நகக்கண்களில் அலுமினியப் பொடியின் வெள்ளிநிறம் போகாதிருப்பதையும் எழுதியிருந்தாள். கட்டுரையில் நன்றி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. செய்ந்நன்றி அறிதலுக்கு அதனினும் சிறந்த விளக்கத்தை நான் எந்த உரையிலும் படித்ததில்லை. அவள் அறிந்து எழுதினாள், அவ்வளவே.

அண்மையில் நம் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். "ஐயா, எல்லாரும் நம்மைப் போல் பட்டாசை விட்டுவிட்டால் அத்தொழிலாளர் வீட்டு அடுப்பு அணைந்துவிடுமே. அதுவும் ஹிம்சைதானே?" நேர்மையான கேள்வி. இதற்கு ஒரு பக்கத்து விடை போதாது. பல கோணங்களிலும் நோக்கு என்பதன்றோ நம் அநேகாந்தம்? வெடியால் உயிர்கள் துன்புறுவது உண்மை. அத்தொழிலை நம்பிப் பெருந்திரளான குடும்பங்கள் வாழ்வதும் உண்மை. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்துப் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இசைவளித்தபோது அவ்வட்டாரம் எவ்வளவு கலங்கியது என்பதை நேரில் கண்டவர் அறிவர். ஓர் உண்மையைக் காட்டி மற்றோர் உண்மையை மறைக்கலாகாது. நாம் பட்டாசை விலக்குவோம். அதே வேளையில், அத்தொழிலாளியின் மகளோ மகனோ அந்த அறைக்குள் செல்லாமலே வாழ வழிசெய்வோம். இரண்டும் சேர்ந்தால்தான் அகிம்சை முழுமை பெறும்.

'அது நம்மால் ஆகக்கூடியதா?' என்று நீங்கள் எண்ணலாம். அதே விருதுநகர் ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கு 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. அதனைத் தாங்கியது பிடியரிசி. வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று தனியே எடுத்துவைத்தனர். வீடுதோறும் அதனைத் திரட்டிப் பள்ளிக்குப் பயன்படுத்தினர். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் பசி வந்துவிடவில்லை. ஆனால் ஊருக்கு ஒரு பள்ளி நிலைத்தது. 1903இல் அவ்வூரில் பிறந்த காமராசர் அப்பள்ளியில் பயின்றவர். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது ஊர்தோறும் பள்ளி திறந்து, மதிய உணவும் அளித்தார். முகம் தெரியாத பெண்கள் எடுத்துவைத்த அரிசிக்கு அவர் செலுத்திய நன்றியாகவே நான் இதனைக் காண்கிறேன்.

அவ்வட்டாரத்தின் பிற்கால வரலாறும் இத்தகையதே. 1980களில் சிவகாசி என்றாலே குழந்தைத் தொழிலாளர் நினைவுதான் வரும். 1986இல் சட்டம் வந்தது. சிறப்புப் பள்ளிகள் வந்தன. ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அழைத்தனர். அதே விருதுநகர் மாவட்டம் மேல்நிலைத் தேர்வின் தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பெற்றது. ஒரே நாளில் நிகழ்ந்த அற்புதம் எதுவும் இதில் இல்லை. நாள்தோறும் ஒரு பிள்ளை, நாள்தோறும் ஒரு பாடம். வளர்ச்சி அப்படித்தான் வரும்.

இதைத்தான் நம் சமயம் அணுவிரதம் என்கிறது. துறவியருக்கு மாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். அணு என்றால் சிறியது. பெரிதாகச் செய்ய இயலாதவன் சிறிதாகச் செய்க, ஆனால் தவறாது செய்க என்பதே அதன் உட்பொருள். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களையும் இல்லறத்தாருக்கே நம் நூல்கள் வகுத்தன. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வன என்பது உமாசுவாதியார் தத்துவார்த்த சூத்திரத்தில் காட்டிய உண்மை. அவ்வாறாயின் தானம் என்பது சலுகை அன்று. பெற்ற உதவிக்குத் திருப்பிச் செலுத்தும் பங்கு.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கக்கூடிய இரண்டு சிறு பழக்கங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, நாள்காட்டித் தாள். நாள்தோறும் காலையில் ஒரு தாளைக் கிழிக்கிறோம். அதனைக் கசக்கி எறியாமல், எழுதுவதற்கு இடமிருக்கும் தாளின் பின்புறத்தில் இரவில் இரண்டு வரி எழுதுங்கள். இன்று எனக்கு நன்மை செய்தவர் யார் என்பது முதல் வரி. அதற்கு ஈடாக நாளை நான் செய்யப்போவது என்ன என்பது இரண்டாம் வரி. 'எல்லாருக்கும் நன்றி' என்று பொதுவாக எழுதாதீர்கள். பெயர் எழுதுங்கள். பால் கொண்டுவருபவரின் பெயர், தெருவைக் கூட்டும் அம்மையாரின் பெயர், பேருந்து ஓட்டுநரின் பெயர். தெரியவில்லையென்றால் மறுநாள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவ்வாறு கேட்பதே ஒரு வளர்ச்சி. இரண்டாம் வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையேல் நன்றி நம் மனநிறைவுக்கு மட்டுமே பயன்படும்.

இரண்டாவது, பிடியரிசி. நம் தாய்மார்கள் சமையலறையில் ஒரு டப்பா வையுங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி, அல்லது அதன் மதிப்புள்ள காசு, அதில் விழட்டும். அடுத்த ஆண்டு வீடுபேற்றுத் திருநாளன்று அறக்கட்டளை அதனைத் திரட்டட்டும். பட்டாசு அல்லது தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவரின் மேற்படிப்புக்கு அதனை வழங்குவோம். பெயர்ப்பலகை வேண்டா, புகைப்படம் வேண்டா. சமயம் மாறும்படி ஒரு சொல்லும் வேண்டா. ஒரு பிள்ளையில் தொடங்கினால் போதும்.

இறுதியாக ஒன்று. மகாவீரர் வீடுபேறு எய்திய அதே நாளில் அவருடைய தலைமாணாக்கர் கௌதம கணதரர் கேவலஞானம் பெற்றார் என்பது நம் மரபு. ஆசிரியரைப் பிரிந்த நாள் மாணாக்கருக்கு அழுகையோடு முடியவில்லை, அறிவின் நாளாயிற்று. பெற்றதை எண்ணி உருகி நிற்பதோடு நில்லாமல், பெற்றதை அடுத்தவருக்குக் கொண்டு செல்லும் தகுதியை அவர் அடைந்தார். நாம் ஏற்றும் தீபமும் அவ்வாறே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது.

அந்தத் தீபத்தை ஏற்றத் தீக்குச்சி செய்து தந்த கைகளை நாம் அறிந்துகொள்வோம். அக்கைகளில் பிறந்த பிள்ளைகள் பேனா பிடிக்க நம்மால் இயன்ற ஒரு பிடியை நாள்தோறும் எடுத்துவைப்போம்.

 அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!