காடு தந்த தேனும் கூடு தந்த தேனும்



தமிழ்க் கவிதையில் தேனீக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. அது சான்று கூறும் உயிர். குறுந்தொகையின் இரண்டாம் பாடலில், இறையனார் படைத்த தலைவன் ஒரு தும்பியை அழைத்துக் கேட்கிறான்: தலைவியின் கூந்தலினும் மணமுடைய மலர் உண்டா? தன் மனம் மகிழும்படி மறுமொழி கூற வேண்டா, அறிந்த உண்மையையே கூறுக என்பது அவன் வேண்டுகோள். பூக்களை நாளெல்லாம் ஆராய்ந்து திரியும் உயிருக்குப் பொய்யுரைக்கத் தெரியாது என்ற நம்பிக்கை அவ்வினாவின் அடியில் இருக்கிறது. இவ்வாறு தேனீயிடம் உண்மையை எதிர்பார்த்த கவிதை, தேனீயைப் பற்றி எவ்வளவு உண்மை பேசியிருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

சங்கப் புலவர்களின் கண் கூர்மையானது. வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி எனப் பெயர்களைப் பகுத்தனர். ‘தேன்’ என்ற ஒரே சொல் வண்டினத்தையும் அது சேர்த்த இனிமையையும் குறித்தது. கருங்கோற் குறிஞ்சிப் பூவிலிருந்து இழைக்கப்பட்ட தேனைக் குறுந்தொகையின் மூன்றாம் பாடல் பேசுகிறது. பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், உழவரின் உழைப்பின்றி விளையும் நான்கு பொருள்களுள் ஒன்றாகத் தேனை வைத்தார். அங்குத் தேன் மலையின் கொடை. மனிதன் செய்வதெல்லாம் ஏறுவதும் எடுப்பதுமே.

அந்தத் தேன் பெரும்பாலும் மலைத்தேனீயின் தேன். பாறையின் நெற்றியிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடையைத் திறந்த வெளியில் கட்டும் இனம் அது. புதரில் சிற்றடை கட்டும் கொம்புத் தேனீயும் அத்தகையதே. இவ்விரண்டையும் பெட்டிக்குள் குடிவைக்க இயலாது. இருண்ட மரப்பொந்திலும் புற்றிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டும் இந்தியத் தேனீ ஒன்றே, மனிதன் அமைத்த இல்லத்தை ஏற்றுக்கொண்ட நம் நாட்டுத் தேனீக்களுள் முதன்மையானது. பானையிலும் குடைந்த மரத்துண்டிலும் அதனைக் குடியிருத்தும் வழக்கம் முன்னரே இருந்தது. ஆனால் தேன் வேண்டுமெனில் அடையை அறுத்துப் பிழிய வேண்டும். முட்டையும் புழுவும் அழிய வேண்டும்.

இந்நிலையை மாற்றியது ஓர் இடைவெளி. 1851ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமயகுருவான லாங்ஸ்டிராத், ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றே குறைவான வழியைத் தேனீக்கள் அடைப்பதில்லை என்று கண்டார். அதனினும் குறுகினால் பிசினால் பூசிவிடும். விரிந்தால் அடை கட்டிவிடும். அவ்வளவே இடம் விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால், ஒன்றையும் உடைக்காமல் எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கலாம். தென்னிந்தியாவில் நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீயின் சிறிய உடலுக்கேற்பப் பெட்டியைச் சிறிதாக்கினார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் மார்த்தாண்டத்தில் தொடங்கிய கிராமச் சீரமைப்புப் பணி, இக்கலையை உழவர் வீடுகளுக்குக் கொண்டு சென்றது. அன்று திருவிதாங்கூரில் இருந்த அப்பகுதி, 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்தது.

தேன் வளர்ப்போரின் பணி ஒரு வகை வாசிப்பு. அவர் பெட்டியின் வாயிலை மறித்து நிற்பதில்லை, பக்கவாட்டில் நிற்பார். புகையைச் சிறிதே காட்டி, சட்டத்தை நேராக உயர்த்தி, வெயிலை நோக்கிப் பிடிப்பார். இராணித் தேனீயைத் தேடி அலைய மாட்டார். அறையின் அடியில் நிமிர்ந்து நிற்கும் முட்டை கண்ணில் பட்டால், அண்மை நாள்களில் அவள் அங்கே உலவியிருக்கிறாள் என்று பொருள். அடையின் கீழ் விளிம்பில் இராணி அறைகள் தொங்கினால், கூட்டம் பிரியப் போகிறது என்று பொருள். தேன் எடுக்கும் நாளில் மெழுகு மூடியைச் சீவி, சட்டத்தைக் கருவியில் இட்டுச் சுழற்றுவார். தேன் தெறித்து வழியும், அடை குலையாது. வெற்றடை தேனீக்களிடமே திரும்பும். மெழுகு சுரக்கத் தேனீ பல மடங்கு தேனை உண்ண வேண்டுமாதலால், அடையைக் காப்பது உழைப்பைக் காப்பதாகும். பூக்கள் குறையும் மழைக்காலத்திற்கென்று ஒரு பங்கை விட்டுவைப்பதும் இத்தொழிலின் அறம்.

கவிஞர்கள் சிறப்பாக எண்ணத்தக்க செய்தி ஒன்று மார்த்தாண்டத்தில் இருக்கிறது. அங்குக் கிடைக்கும் தேனில் பெரும்பகுதி பூவின் தேன் அன்று. இலையுதிர்ந்த ரப்பர் மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் தளிர்க்கிறது. மூன்று சிற்றிலைகள் காம்போடு கூடுமிடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிய நீர் ஊறுகிறது. தேனீக்கள் அதனையே திரட்டுகின்றன. மலரையும் தேனையும் பிரிக்காமல் பாடிய மரபுக்கு இது சிறிய அதிர்ச்சி. ஆயினும் தும்பியிடம் உண்மையைக் கேட்ட மரபு, இவ்வுண்மைக்கு முகம் திருப்பலாகாது.

மற்றோர் உண்மை கசப்பானது. 1991ஆம் ஆண்டு முதல் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் தாய் சாக் புரூட் என்னும் நச்சுயிரி நோய் பரவியது. புழு கூட்டுப்புழுவாகும் முன்பே இறந்து, நீர் நிறைந்த பைபோல் அறைக்குள் கிடக்கும். தேனீக்களைக் கொல்லாமல் அந்த நச்சுயிரியை மட்டும் அழிக்கும் மருந்து இல்லை. மிகப் பெரும்பாலான கூட்டங்கள் மடிந்தன. விடியலில் இரைச்சல் கேட்ட தோட்டங்களில் பெட்டிகள் வெறுமையாய் நின்றன. பலர் தொழிலை விட்டனர். எஞ்சிய சிலர், நோயைத் தாங்கி நின்ற கூட்டங்களைத் தேடிக் கண்டு, அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினர். இன்று அப்பகுதியில் இந்தியத் தேனீ வாழ்கிறதெனில், அப்பொறுமைக்கும் அதில் பங்குண்டு. அந்த இழப்பையும் அந்தப் பொறுமையையும் பாடிய கவிதைகள் எத்தனை?

ஒரு பணித்தேனீ, உழைப்பு மிகுந்த பருவத்தில் ஏறத்தாழ ஆறு வாரமே வாழ்கிறது. அது தன் வாழ்நாளில் சேர்க்கும் தேன் ஒரு தேக்கரண்டியின் சிறு பகுதி. அதனை அது உண்ணப் போவதும் இல்லை; பின்வரும் தேனீக்கள் உண்ணும். மரபுக் கவிதையில் தேனீ காதலின் தூதாகவும் தேன் காட்டின் கொடையாகவும் நின்றன. மூன்றாவது ஓர் உறவு இப்போது உருவாகியிருக்கிறது: எடுப்பவனே காப்பவனாகவும் இருக்கும் உறவு. கபிலரின் மலையில் தேனுக்கு உழவன் தேவைப்படவில்லை. மார்த்தாண்டத்துத் தோட்டத்தில் தேவைப்படுகிறான். அவன் கையில் உள்ள சட்டத்தை வெயிலில் பிடித்துப் பார்க்கும் கவிஞர் இந்த வட்டத்திலிருந்து எழ வேண்டும். பத்தாண்டுகளாகச் சொல்லைத் திரட்டிய இந்தக் கூடு, பின்வருவோர்க்கும் ஒரு பங்கை விட்டுவைக்கட்டும்.