பெருநாள் சபைக்கு நம் வீட்டுச் சாக்லேட் பேரீச்சை

(அபிஷேகப்பாக்கத்தில் நடந்த மகளிர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நோன்புப் பெருநாள் நெருங்கும் இந்த நேரத்தில், பழத்தையும் பருப்பையும் சாக்லேட்டில் முக்கிப் பலகாரம் செய்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இதில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று செலவு, இரண்டு ஹலால், மூன்றாவது பிள்ளைகளின் மனம்.

பெருநாள், அகீகா, மதரஸா ஆண்டு விழா, கல்யாணச் சபை என்று எந்த விசேஷமானாலும் இப்போது அலங்காரப் பெட்டியில் சாக்லேட் வைப்பது வழக்கமாகி வருகிறது. ஒரு வீட்டில் வைத்தால் அடுத்த வீட்டிலும் வைத்தாக வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிடுகிறது. அதற்காகக் குழுக் கடனில் கை வைக்கும் வீடுகளும் உண்டு. கடன் வாங்கிச் செய்யும் ஆடம்பரத்தில் பரக்கத் ஏது? வீண்விரயத்தை மார்க்கம் தடுத்திருக்கிறது. பிள்ளைகளின் சந்தோஷத்தைத் தடுக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்றும் வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

முதலில் பிள்ளைகளை எண்ணுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தை எடுத்து, விசேஷத்துக்கு வரும் பிள்ளைகளை எண்ணுங்கள். பிறகு தெருவில் உள்ள பிள்ளைகளையும் எண்ணுங்கள். அது இந்து வீடா, கிறிஸ்தவ வீடா என்று பார்க்க வேண்டாம். எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்தாற்போல் என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள். பெரிய பெட்டி பத்துப் பேருக்குக் கிடைத்து, பதினொன்றாவது பிள்ளை வாசலில் நின்று பார்த்தால் அது விருந்தல்ல.

கணக்கு இதுதான். ஒரு பேரீச்சையை மூடுவதற்கு 8 முதல் 10 கிராம் சாக்லேட் பிடிக்கும். 400 கிராம் கட்டி ஒன்று வாங்கினால் சுமார் 40 பேரீச்சை செய்யலாம். அதற்குப் பேரீச்சை அரைக் கிலோ, பாதாம் 50 கிராம் போதும்.

எந்தச் சாக்லேட்?

நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது ஊட்டி ஹோம்மேட் சாக்லேட். ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் தட்டில் ஊற்றி வைத்தாலே சாக்லேட் இறுகிவிடும். நம் ஊரோ கடலோர வெக்கையும் ஈரக்காற்றும் உள்ள ஊர். உண்மையான சாக்லேட்டில் இருப்பது கோகோ வெண்ணெய். அது ஏறக்குறைய 34 டிகிரியிலேயே முழுவதும் உருகிவிடும். நம் கோடை வெயிலில் அது எப்படி நிற்கும்? அதோடு, அதை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28 டிகிரிக்கு ஆற்றி, மறுபடி 31, 32 டிகிரிக்குச் சூடேற்றினால்தான் பளபளப்பும் மொறுமொறுப்பும் வரும். வெப்பமானி இல்லாத வீட்டில் இது சிரமம்.

அதனால் நமக்கு ஏற்றது 'காம்பவுண்ட்' என்று உறையில் எழுதியிருக்கும் கட்டி. பேக்கரி சாமான் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருக்கும். உருக்கி முக்கினால் தானாக இறுகும். விலையும் குறைவு. 2024-ல் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில் விளைச்சல் குறைந்து, உலகச் சந்தையில் கோகோ ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டியது. அதற்குப் பிறகு உண்மையான சாக்லேட் நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் எட்டாமல் போனது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காம்பவுண்டில் சர்க்கரையும் கொழுப்பும் அதிகம். அது விசேஷ நாளுக்கு உரியது, தினசரித் தின்பண்டம் அல்ல.

உருக்கும் முறை

கட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு பாத்திரத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன் மேல், அடி தண்ணீரில் படாதவாறு வேறொரு கிண்ணத்தை வைத்து அதில் துண்டுகளைப் போட்டு மெதுவாகக் கிளறுங்கள். அவசரப்பட்டு அடுப்பை எரியவிட்டால் சாக்லேட் தீய்ந்து திரிதிரியாகிவிடும்.

இதில் மிக முக்கியமானது ஒன்று. கிண்ணம், கரண்டி, கை எதிலும் சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. சில துளி தண்ணீரோ ஆவியோ பட்டாலும் உருகிய சாக்லேட் சட்டென்று கட்டிதட்டிவிடும். அப்படி ஆனால் தூக்கிப் போடாதீர்கள். சூடான பாலைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கிளறினால் குழம்புபோல் இளகி வரும். முக்க உதவாது, ரொட்டியில் தடவிக் கொடுக்கலாம். தண்ணீர் படாமலே சாக்லேட் கெட்டியாக இருந்தால், வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் ஒரு சின்னக் கரண்டி ஊற்றுங்கள்.

என்னென்ன முக்கலாம்?

முதலிடம் பேரீச்சைக்கு. நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் புறப்படும் முன் ஒற்றைப்படையாகச் சில பேரீச்சம்பழங்களைச் சாப்பிட்டுவிட்டுச் செல்வது நம் நபி (ஸல்) அவர்களின் வழி. வீட்டில் எப்படியும் பேரீச்சை இருக்கும். கொட்டையை எடுத்துவிட்டு, வறுத்த பாதாம் ஒன்றை உள்ளே வைத்து மூடி, முள் கரண்டியில் எடுத்து முக்குங்கள். கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் அதிகப்படி வழிந்துவிடும். பட்டர் பேப்பரில் வைத்து, இறுகுவதற்குள் பொடித்த வேர்க்கடலையோ கொப்பரைத் துருவலோ தூவுங்கள். வளைகுடாவிலிருந்து நம் பிள்ளைகள் பெட்டியில் கொண்டுவருவதும் இதே பண்டம்தான்.

பழங்களில் வாழைப்பழம் நல்லது. அதிகம் கனியாத பழமாகப் பார்த்து அரை அங்குல வில்லைகளாக நறுக்கி, ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு முக்குங்கள். கமலா ஆரஞ்சுச் சுளையைத் தோல் கிழியாமல் பிரித்து, நார் நீக்கி, பாதி மட்டும் முக்கினால் பார்க்கவும் அழகு. அன்னாசியைத் துண்டாக்கித் துணியில் ஒற்றி ஈரம் எடுத்தபிறகே முக்க வேண்டும். தர்பூசணி ஒத்துவராது, தண்ணீர் விடும். ஸ்ட்ராபெரிக்காக ஏங்க வேண்டாம். மலையிலிருந்து வந்து சேர்வதற்குள் விலையும் ஏறும், பழமும் நசுங்கும்.

நறுக்கிய பழத்தில் செய்தது எதுவானாலும் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். பேரீச்சை, முந்திரி, பிஸ்கட் போன்றவற்றில் செய்தது காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். எனவே பேரீச்சையைப் பெருநாளுக்கு மூன்று நாள் முன்பே செய்து வையுங்கள், பழத்தை அன்று காலையில் செய்யுங்கள்.

செய்ததை ஃப்ரிட்ஜில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் இறுகிவிடும். மறுபடி வெளியே எடுக்கும்போது நம் ஊர்க் காற்றில் மேலே வியர்த்துவிடும். டப்பாவில் மூடி வைத்து, மூடியைத் திறக்காமலே வெளியே எடுத்து அரைமணி நேரம் கழித்துத் திறந்தால் அந்தத் தொல்லை இல்லை.

குழம்பில் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். சாக்லேட்டில் தண்ணீரைக் கூட்ட முடியாது, வேர்க்கடலையைக் கூட்டலாம்! 200 கிராம் உருகிய சாக்லேட்டில் தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை 200 கிராமைக் கொட்டிக் கலந்து, சின்னக் கரண்டியால் கிள்ளிக் கிள்ளி வைத்தால் 35 உருண்டைக்குக் குறையாது. தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காணும்.

உறையைப் படியுங்கள்

பச்சைப் புள்ளி இருந்தால் ஹலால் என்று பலர் நினைக்கிறோம். பச்சைப் புள்ளி சொல்வது, அதில் இறைச்சியோ பிராணிக் கொழுப்போ ஜெலட்டினோ இல்லை என்பதை மட்டும். மது இல்லை என்று அது சொல்லவில்லை. ரம், பிராந்தி, லிக்கர் என்ற சொற்கள் உள்ளனவா என்று பொருள் பட்டியலில் தனியாகப் பார்க்க வேண்டும். பேக்கரிகளில் 'ரம் பால்' வாங்கும்போது கேட்டுத்தான் வாங்க வேண்டும். சிலர் ரம் சேர்ப்பார்கள், சிலர் எசென்ஸ் மட்டும் சேர்ப்பார்கள். எசென்ஸ் பற்றிச் சந்தேகம் இருந்தால் நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விரும்பும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். உறையில் ஹலால் முத்திரை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நம் புதுச்சேரிக்கென்று இன்னொரு கவனம் தேவை. இங்கே துபாய் சாக்லேட் மட்டும் வருவதில்லை, பிரான்சில் இருக்கும் உறவினர் மூலம் அந்த நாட்டுச் சாக்லேட்டும் வருகிறது. அந்த உறையில் பச்சைப் புள்ளி கிடையாது, எழுத்தும் பிரெஞ்சில் இருக்கும். பன்றியைக் குறிக்கும் 'போர்க்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து 'கே'. பிரெஞ்சில் அதற்குப் பதில் 'சி' இருக்கும். 'கிர்ஷ்' என்று இருந்தால் அது செர்ரிப் பழத்திலிருந்து எடுக்கும் சாராயம். பிரெஞ்சு படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பெட்டியைத் திறக்காமல் வையுங்கள்.

பிள்ளைகளும் பெரியவர்களும்

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழு முந்திரி, பாதாம், வேர்க்கடலை உருண்டை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கியே கொடுங்கள். குச்சியில் குத்திய பழத்தை வைத்துக்கொண்டு ஓட விடாதீர்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று தாயிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கான பண்டத்தை முதலில், தனிக் கிண்ணத்தில் செய்யுங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு, பேரீச்சையின் இனிப்போடு சாக்லேட்டும் சேர்வதால், பாதித் துண்டே அதிகம். அவர்களுக்குத் தனியே வறுத்த பாதாம் வையுங்கள்.

கைத்தொழிலாக

இதில் கை பழகியவர்கள் ஆர்டர் எடுத்துச் செய்யலாம். வீட்டில் செய்து விற்றாலும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், இளைய பிள்ளைகள் உதவி செய்வார்கள். விலை போடும்போது சாக்லேட், பருப்பு, காகிதம், கேஸ், உங்கள் உழைப்பு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். உழைப்பை எழுதாமல் விட்டால் லாபம் வந்ததுபோல் தெரியும், கையில் எதுவும் நிற்காது. என்னென்ன பொருள் சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் செய்தீர்கள் என்று டப்பாவில் ஒட்டுங்கள். வாங்குபவரின் நம்பிக்கை அமானிதம்.

சகோதரிகளே, இந்தப் பெருநாளுக்கு ஒரு கட்டியும் அரைக் கிலோ பேரீச்சையும் வாங்குங்கள். வீட்டுப் பிள்ளைகளைக் கை கழுவி, நன்றாகத் துடைத்து, சுற்றி உட்காரச் சொல்லுங்கள். பாதாமை அவர்கள் திணிக்கட்டும், நீங்கள் முக்குங்கள். முதல் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போகட்டும்.

நம் உணவையும் சம்பாத்தியத்தையும் ஹலாலாகவும் பரக்கத் உள்ளதாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.