சட்டத்திற்கும் மேலான சட்டம்

மட்டக்களப்பு வாவியின் நடுவே, புளியந்தீவில், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை ஒன்று உண்டு. நெடுங்காலம் மாவட்டக் கச்சேரி அதனுள்ளேயே இயங்கிற்று. 1961ஆம் ஆண்டில் அக்கச்சேரி வாயிலில் ஆடவரும் பெண்டிரும் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என விதித்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர்கள் எதிர்த்தனர். ஏப்ரலில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று; அறப்போர் அடங்கிற்று. வாயிலில் எழுந்த வினா பின்னர் நீதிமன்றத்தை அடைந்தது.

பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தைச் செல்லாதென நீதிபதி கூறலாமோ? பிரித்தானிய மரபில் அதற்கு இடமில்லை. அந்நாளைய சோல்பரி யாப்பும் அவ்வதிகாரத்தை வெளிப்படையாக வழங்கவில்லை. ஆயினும், ஓர் இனத்தவருக்கோ சமயத்தவருக்கோ மட்டும் பாதகம் விளைக்கும் சட்டம் செல்லாது என அதன் 29ஆம் பிரிவு கூறிற்று. செல்லாதது எதுவென ஒருவர் தீர்மானித்தல் வேண்டுமன்றோ? அது நீதிமன்றத்தின் கடன். அமெரிக்காவில் 1803ஆம் ஆண்டு பிரதம நீதியரசர் மார்ஷல் காட்டிய நியாயமும் இதுவே. 1964இல், ரணசிங்க வழக்கில், சபாநாயகரின் மூன்றிலிரண்டு பெரும்பான்மைச் சான்று பெறாத இலஞ்சச் சட்டத் திருத்தத்தை இலண்டன் பிரிவி கவுன்சில் ஏற்க மறுத்தது.

அவ்வாண்டிலேயே கோடீஸ்வரன் வழக்கின் முதல் தீர்ப்பும் வந்தது. சிங்களத் தேர்ச்சி காட்டாமையால் சம்பள ஏற்றம் மறுக்கப்பெற்ற அரச ஊழியர் அவர். கொழும்பு மாவட்ட நீதிபதி த கிறெற்சர், மொழிச் சட்டமே செல்லாது என்றார். 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட இயலாது எனக் கூறி அத்தீர்ப்பை மாற்றிற்று. சட்டம் செல்லுமா என்பதைத் தொடவில்லை. 1969இல் பிரிவி கவுன்சில், வழக்காடலாம் எனக் கூறி, எஞ்சிய வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பிற்று. விடை வரவேயில்லை. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவு மறைந்தது. நிறைவேறிய சட்டத்தை ஆராயும் அதிகாரமும் உடன் மறைந்தது.

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. அது பாராளுமன்றம் அளித்தது, நீதிமன்றத்தின் விடையன்று.

1978ஆம் ஆண்டு யாப்பின்படி, சட்டமூலமாய் இருக்கும் நிலையில், குறித்த நாட்களுள் குடிமகன் உயர் நீதிமன்றத்தை நாடலாம். சபாநாயகர் சான்றளித்தபின் அக்கதவு மூடப்படும். பெருமழையில் முகத்துவாரத்தை உரிய வேளையில் வெட்டாவிடின் வயல் மூழ்கும் என்பதை வாவிக்கரை உழவர் நன்கு அறிவர். சட்டத்தை வினவுவதற்கும் அத்தகைய வேளை ஒன்று உண்டு.