எண் காட்டும் ஜன்னல்

துப்பாக்கின்னதும் பயந்துடாதீங்க, இன்னிக்கும் இன்ஜினியரிங்தான். அமெரிக்காவுல ஒரு பழைய துப்பாக்கிக் கடை. மூலையில சாவேஜ் 99, 1899-ல வந்த வேட்டை ரைஃபிள் டிசைன்.

அந்தக் கால லீவர் ரைஃபிள்கள் பலதுல தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள்ள வரிசையா இருக்கும். ஒண்ணோட முனை முன்னாடி இருக்கறதோட அடியைத் தொடும். கூர்முனைத் தோட்டா போட்டா உள்ளேயே வெடிக்கலாம். ஆர்தர் சாவேஜ் குழாயை விட்டுட்டு சுழலும் உருளை வெச்சார்; ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி இடம். இடது பக்கம் சின்ன ஜன்னல்ல மிச்சம் எத்தனைன்னு எண் தெரியும். பேட்டரியே இல்லாத ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே!

யாரோ டெலஸ்கோப் மாட்ட மேல துளை போட்டிருந்தாங்க. சேகரிக்கறவங்களுக்கு அது பெரிய குறை. விலை இறங்கினதாலதான் எனக்குக் கட்டுப்படியாச்சு. தேய்ஞ்ச இடத்துல புதுசா நீலம் ஏத்தித் தரவான்னு கடைக்காரர் கேட்டார். வேண்டாம்னுட்டேன். தொழிற்சாலையில போட்ட பூச்சு போனா திரும்ப வராதே.