பயத்தின் நடுவே பிறந்த பாலகன்



"தினமும் கேமரா முன் நிற்கும் உங்களுக்குக்கூட பயம் உண்டா?" என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. நிச்சயமாக உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் சமயம். நேரலை நிகழ்ச்சியில் சிரித்த முகத்துடன் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் என் அப்பா பக்கவாதத்தால் தாக்கப்பட்டு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் கைத்தொலைபேசியைத் திறந்து பார்க்கவே என் விரல்கள் நடுங்கின.

அன்றிரவு அப்பாவின் அறைக்கு வெளியே அமர்ந்து, வேதாகமத்தில் கிறிஸ்து பிறந்த வரலாற்றைப் படித்தேன். சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். அதில் வருகிறவர்கள் எல்லாரும் பயந்தவர்கள்! ஆலயத்தில் சகரியா பயந்தார். தேவதூதனைக் கண்டு மரியாள் கலங்கினார். மரியாளை மனைவியாக ஏற்க யோசேப்பு தயங்கினார். வயல்வெளியில் மேய்ப்பர்கள் நடுங்கினார்கள். நான்கு பேருக்கும் தேவதூதன் சொன்ன செய்தி ஒன்றே: அஞ்ச வேண்டாம்.

அதன்பிறகு ஆபத்து விலகிவிட்டதா? இல்லை. குழந்தையைக் கொல்ல ஏரோது மன்னன் ஆள் அனுப்பினான். பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓட வேண்டியிருந்தது. அப்படியானால் எந்தத் தைரியத்தில் அவர்கள் நடந்தார்கள்? அந்தக் குழந்தைக்குரிய 'இம்மானுவேல்' என்ற பெயரில் பதில் இருக்கிறது. 'கடவுள் நம்மோடு இருக்கிறார்' என்பதே அதன் பொருள்.

இது நம் சிங்கப்பூரிலேயே சோதித்துப் பார்க்கப்பட்ட உண்மை. கிறிஸ்துமஸ் விளக்குகளைக் காண நாம் குடும்பத்தோடு ஆர்ச்சர்ட் ரோடு செல்கிறோம். அங்கிருந்த பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் ஜப்பானியர் காலத்தில் 'கெம்பெத்தாய்' ராணுவப் போலீசாரின் தலைமையிடமாக இருந்தது. துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்கு சாங்கி சிறையில் இருந்தவர்களே உடந்தை என்று சந்தேகித்து, 1943 அக்டோபரில் அவர்கள் பலரைப் பிடித்து வதைத்தார்கள். 57 பேர் கைதானார்கள். 15 பேர் உயிரிழந்தார்கள்.

வதைக்கப்பட்டவர்களில் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயர் லியோனார்டு வில்சன். "உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை?" என்கிற ரீதியில் அவரைக் கேலி செய்தார்கள். கடவுள் வலியிலிருந்து தம்மை விடுவிக்காவிட்டாலும், அதைத் தாங்கும் மனதைத் தந்து காப்பாற்றுகிறார் என்று அவர் பதில் சொன்னார். அடித்தவர்களை எப்படி வெறுக்காமல் இருந்தார்? அவர்களும் ஒரு காலத்தில் தாய் தந்தையின் அன்பில் வளர்ந்த சிறு குழந்தைகள்தானே என்று எண்ணிப் பார்த்தாராம். 1946ல் பிபிசி வானொலியில் அவரே இதைச் சொன்னார். போருக்குப் பிறகு, தம்மை வதைத்தவர்களில் ஒருவருக்குத் திடப்படுத்தல் வழங்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

குழந்தையைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? அதனால்தான் கடவுள் குழந்தையாக வந்தார் என்று நான் நம்புகிறேன்.

என் அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய வலக்கை இன்றும் பழையபடி இயங்கவில்லை. அன்றிரவு எனக்கு ஒரு அற்புதமும் நடக்கவில்லை. பயமும் முழுவதுமாகப் போய்விடவில்லை. ஆனால் நான் தனியாக இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. எழுந்து உள்ளே போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நேயர்களே, இந்தக் கிறிஸ்துமஸில் உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் மருத்துவ அறிக்கைக்காகவோ, வேலை நிலைக்குமா என்றோ பயந்துகொண்டிருக்கலாம். அவருக்கு உபதேசம் வேண்டாம். ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், அதுவே அவருக்கு நீங்கள் கொடுக்கும் மிகப் பெரிய கிறிஸ்துமஸ் பரிசு.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்.