முதலில் சிவக்கும் சட்டம்



இலக்கிய நிகழ்ச்சியிலே தமிழாசிரியன் ஒருவன் கணினி விளையாட்டைப் பற்றிப் பேச வருகிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். விளையாட்டில் தொடங்கினாலும், ஒரு மாணவனின் கட்டுரைக் கொப்பியிலேதான் என் பேச்சு முடியும்.

சென்ற ஆகஸ்ட் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து என் தமையனார் குடும்பத்துடன் பாமன்கடையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பெறாமகனுக்கு வயது பதின்மூன்று. மழை விடாத ஒரு மாலையில், தன் ‘நின்டென்டோ சுவிட்ச்’ என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை என்னிடம் தந்தான். அதிலிருந்தது ‘பொலி பிரிட்ஜ்’. 2016இல் வெளிவந்த விளையாட்டு. திரையில் ஆற்றின் இரு கரைகளும் தெரியும். மரம், உருக்கு, வடம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. கொடுத்த பணத்துக்குள் பாலம் கட்டி வாகனத்தை அக்கரை சேர்க்க வேண்டும். பாரமும் புவியீர்ப்பும் அங்கேயும் தம் வேலையைக் காட்டும்.

கம்பனின் சேதுபந்தனப் படலத்தை மேடைகளில் மணிக்கணக்காக நயந்து பேசியவன் நான். ஆனால் கட்டிய பாலத்தைப் பாரந்தாங்க வைப்பது எப்படி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் முதற் பாலம், வாகனம் ஏறிய கணமே ஆற்றில் விழுந்தது. சதுரம் சதுரமாகக் கட்டியிருந்தேன். சதுரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு சட்டமிட்டு இரண்டு முக்கோணமாக்கினால், சட்டமோ மூட்டோ முறிந்தாலன்றி வடிவம் குலையாது. மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தைக் கடந்தவர்கள் இந்த இரும்பு முக்கோணங்களை இருமருங்கிலும் கண்டிருப்பார்கள்.

முக்கோணம் இட்ட பின்பும் ஏழெட்டுத் தடவை விழுந்தது. நடுவில் முறிகிறதென்று நடுவிலேயே மரத்தை அடுக்கினேன். பாரம் கூடியதே தவிரப் பலன் இல்லை. பெறாமகன் பொறுமையிழந்து சொன்னான்:

“சித்தப்பா, விழுந்த இடத்தைப் பாராதேங்கோ. எது முதல்ல சிவக்குது எண்டு பாருங்கோ.”

பாரம் ஏற ஏறச் சட்டங்கள் பச்சை நிறம் மாறிச் சிவந்து வருவதை அப்போதுதான் கவனித்தேன். நடுவில் முறிந்த பாலத்தின் குறை, கரையோரத்துச் சட்டமொன்றில் இருந்தது.

மெய்யான பாலங்கள் நிறங்காட்டுவதில்லை. ஆயினும் அறிகுறி காட்டுவதுண்டு. கனடாவின் கியூபெக் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோதே, 1907 ஆகஸ்ட் 29ஆம் திகதி இடிந்து விழுந்து 75 தொழிலாளர் மாண்டனர். கீழ்ப்புற உருக்குச் சட்டங்கள் வளைந்து வருவது பல நாட்களுக்கு முன்னரே அவதானிக்கப்பட்டிருந்தது. பாரம் ஏற்றுவதை நிறுத்தும் முடிவு பணித்தலத்தை எட்டுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் நினைவில் வந்துகொண்டிருந்தான். ‘எங்கள் வீடு’ என்ற கட்டுரையில் ‘எங்கள் அம்மம்மா’ என்று தொடங்கிய அவனுடைய வசனம், கிணறு, முற்றம், மல்லிகைப் பந்தல் என்று ஏழு வரி ஓடி, ‘விற்றுவிட்டார்கள்’ என்று முடிந்தது. ‘வசனப் பிழை. திருப்பி எழுதுக’ என்று சிவப்புப் பேனையால் எழுதினேன். மூன்று முறை எழுதினேன். அதன்பின் அவன் ஐந்து சொல்லுக்கு மேற்பட்ட வசனமே எழுதவில்லை. பிறகு கொப்பி தருவதையும் நிறுத்திவிட்டான். சோம்பேறி என்று நானும் விட்டுவிட்டேன்.

எழுவாய் ஒரு கரை, பயனிலை மறுகரை. தமிழில் பயனிலை பெரும்பாலும் கடைசியிலேதான் வந்து சேரும். அந்தப் பிள்ளை ஒரு வீட்டின் பாரம் முழுவதையும் இடையில் ஒரு தூணுமின்றிக் கடத்தப் பார்த்திருக்கிறான். விழுந்ததென்று சொன்னேனேயன்றி, எங்கே வளைந்ததென்று நான் காட்டவில்லை.

விடுமுறை முடிந்ததும் அவனை அழைத்து, பழைய கொப்பியைக் கொண்டுவரச் செய்தேன். அருகில் இருத்தி, பென்சிலால் மூன்று இடங்களில் கோடிட்டேன். “இந்த இடங்களிலே மூச்சு விடு, தம்பி” என்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின் ஒரு வசனம் நான்காயிற்று. கடைசி வசனத்தை அவனே திருத்தினான்: ‘அம்மம்மாவைக் கேளாமல் வீட்டை விற்றுவிட்டார்கள்.’

அதில் திருத்த எனக்கு ஒன்றுமிருக்கவில்லை.