எபிசோட் 41: பின்பாரம்

"டிரெய்லர் கதையை எப்பதான் சொல்லப்போற?"ன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. இன்னைக்குச் சொல்லிடறேன். ஆனா இது "நாங்களே கட்டினோம், சூப்பரா வந்துச்சு" மாதிரியான கதை மட்டும் இல்லை. நடுவில் ஒரு பதினைந்து நொடி இருக்கு. அதுக்காகத்தான் இந்த எபிசோட்.

நாங்க இருக்கிறது அமெரிக்காவில், ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லாந்து பக்கம். இங்கே காடு, மலை, கடல் எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள்ளே. கூடவே மழையும். டென்ட்டில் படுத்து, நடுராத்திரி முதுகுக்குக் கீழே தண்ணி ஓடுறதை இரண்டு தடவை அனுபவிச்ச பிறகு என் மனைவி சொன்னாள்: "அடுத்த தடவை எனக்குக் கூரை வேணும்." நியாயமான கோரிக்கை.

சிக்கல் என்னன்னா, எங்ககிட்ட இருந்தது சின்ன ஹேட்ச்பேக். அதோட கையேட்டில் இழுக்கக்கூடிய எடை 450 கிலோன்னு போட்டிருக்கு. அந்த எடைக்குள்ளே, எங்க பட்ஜெட்டுக்குள்ளே, கடையில் ஒண்ணும் கிடைக்கலை. சரி, நாமே கட்டுவோம்னு இறங்கினேன்.

இது ஒண்ணும் புது ஐடியா இல்லை. கண்ணீர்த்துளியைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கிற 'டியர்டிராப்' டிரெய்லர் அமெரிக்காவில் 1930-களிலேயே வந்துடுச்சு. 1947 செப்டம்பரில் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை வரைபடத்தோட செய்முறையே வெளியிட்டது. உள்ளே ஒரு மெத்தை, அவ்வளவுதான். பின்பக்கம் டிக்கி மாதிரி மூடியைத் தூக்கினா அடுப்படி. அந்த அடுப்படி பின்னாடி இருக்கு என்பதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

அடிச்சட்டம், போல்ட் போட்டுச் சேர்க்கிற இரும்பு கிட். 4 அடிக்கு 8 அடி. சக்கரம், அச்சோட சுமார் 120 கிலோ. மேலே கட்டுறதுக்கு முதல்ல பிளைவுட்தான் யோசிச்சேன். முக்கால் அங்குல பிளைவுட் 4x8 ஷீட் ஒண்ணே ஏறக்குறைய 30 கிலோ. நாலு ஷீட் போட்டா கதை முடிஞ்சது. அதனால் ஃபோமுக்கு மாறினேன். வீட்டுச் சுவரில் வெப்பம் தடுக்க ஒட்டுவாங்களே, அந்த ரோஸ் கலர் ஃபோம் பலகை. இரண்டு அங்குல கனத்தில் அதே அளவு ஷீட் 4 கிலோகூட வராது. அதுக்கு மேலே கேன்வாஸ் துணியை மரப்பசையில் ஊறவச்சு ஒட்டி, காய்ஞ்சதும் வெளிச்சுவர் பெயின்ட் மூணு கோட். பசை வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை. சில பசைகளில் இருக்கிற கரைப்பான் ஃபோமையே உருக்கிடும். முதல் ஷீட்டில் எனக்குப் பெரிய பள்ளமே விழுந்தது.

எடைக்காக ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். கீல், ஸ்க்ரூ, மெத்தை, அடுப்பு, தண்ணி கேன் எல்லாத்தையும் நிறுத்து நிறுத்து எழுதினேன். மொத்தம் 74 வரி. கடைசியில் சாமானெல்லாம் ஏத்தி ட்ரக் எடைமேடையில் நிறுத்தினா 380 கிலோ. லிமிட்டுக்கு 70 கிலோ கீழே. அன்னைக்கு நான் நடந்த நடை இருக்கே, ஏதோ ராக்கெட் விட்டவன் மாதிரி.

முதல் பயணம் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியா, வியென்டோ ஸ்டேட் பார்க். ஸ்பானிஷில் வியென்டோன்னா காத்து. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, புனல் வழியா ஊதுற மாதிரி காத்து வரும். அதை நம்பியே விண்ட்சர்ஃபிங் பண்றவங்க அங்கே கூடுவாங்க. எனக்கு அப்போ அதெல்லாம் தோணலை.

நெடுஞ்சாலையில் ஒரு சின்ன இறக்கம். மணிக்கு 95 கிலோமீட்டர் வேகம். இடதுபக்கமா ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டுச்சு. கண்ணாடியில் பார்த்தா டிரெய்லர் லேசா வலதுபக்கம் போகுது. திரும்பி இடதுபக்கம். மறுபடி வலது, இன்னும் கொஞ்சம் அதிகமா. அடுத்த ஆட்டத்தில் காரோட பின்பக்கமே சேர்ந்து ஆடுச்சு. நான் எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப, ஆட்டம் இன்னும் கூடுச்சு. கால் பிரேக் மேல போயிடுச்சு. அழுத்தலை. ஏன் அழுத்தலைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, ஸ்டீயரிங்கை நேரா கெட்டியாப் பிடிச்சிருந்தேன். வேகம் தானா 70-க்கு இறங்கினதும் டிரெய்லர் அடங்குச்சு.

ஓரமா நிறுத்தினோம். இரண்டு பேரும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு அவள் கேட்டாள்.

"உன் எக்செல்ல டோட்டல் சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டா?"

பதில் இல்லை. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, உள்ரோட்டில் உருட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட வீடியோ காலில் பேசினேன். பயப்படுவாரேன்னு பாதியைத்தான் சொன்னேன். டிரெய்லரைச் சுத்திக் காட்டச் சொன்னார். பின்மூடியைத் திறந்து அடுப்பு, ஐஸ்பெட்டி, 26 லிட்டர் தண்ணி கேன் எல்லாத்தையும் காட்டினேன். பார்த்ததுமே சொன்னார்: "தம்பி, பின்பாரமா ஏத்தியிருக்கியேப்பா."

எங்க தாத்தா மாட்டுவண்டி ஓட்டினவர். அப்பா சின்ன வயசில் அதில் மூட்டை ஏத்தினவர். வண்டி பின்பாரமானா நுகத்தடி மேலே தூக்கும், கயிறு மாட்டோட கழுத்தை இறுக்கும். முன்பாரமானா மொத்த கனமும் மாட்டுக் கழுத்தில் இறங்கும். அதனால கடைசி இரண்டு மூட்டையை முன்னே பின்னே நகர்த்தி, நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்த பிறகுதான் மாட்டைப் பூட்டுவாங்களாம்.

என் ஸ்ப்ரெட்ஷீட்டில் 74 வரி இருந்தது. ஒரு பத்தி இல்லை. அந்தப் பொருள் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கு என்கிற பத்தி.

காரோட இரும்புப் பந்து மேல டிரெய்லரோட மூக்கு எவ்வளவு கனமா உட்காருதுங்கிறதை இங்கே டங் வெயிட்னு சொல்வாங்க. இந்த மாதிரி டிரெய்லருக்கு அது மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதம் இருக்கணும். 380 கிலோவுக்கு 38-லிருந்து 57. அதுக்கும் குறைஞ்சா, பின்னாடி இருக்கிற கனம் ஊசல்குண்டு மாதிரி வேலை செய்யும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேலே ஒவ்வொரு ஆட்டமும் அடங்காம அடுத்த ஆட்டத்தைப் பெருசாக்கும். ரொம்ப அதிகமானாலும் ஆபத்துதான். காரோட பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் பிடிப்பை இழக்கும்.

மறுநாள் குளியலறை எடைமெஷினை எடுத்துட்டு வந்தேன். பந்தோட உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை அது மேல நிறுத்தி, கட்டை மேல மூக்கை இறக்கினேன். 19 கிலோ. வெறும் 5 சதவீதம்.

தண்ணி கேன் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னாடி இருந்தது. அதை முன்பக்கம், அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னாடி ஒரு பெட்டி செஞ்சு மாத்தினேன். பள்ளிக்கூடத்து நெம்புகோல் கணக்குதான். 26 கிலோ இரண்டரை மீட்டர் நகர்ந்தது. அச்சிலிருந்து பந்துக்கும் அதே இரண்டரை மீட்டர். அதனால் மூக்கில் முழுசா 26 கிலோ கூடுச்சு. 19 ஆனது 45. மொத்தம் அதே 380 கிலோதான். ஆனா இப்போ கிட்டத்தட்ட 12 சதவீதம்.

உடனே நெடுஞ்சாலைக்குப் போகலை. காலியா கிடந்த பெரிய பார்க்கிங்கில் ஓட்டினேன். அப்புறம் 60, 70, 80. அவள் இல்லாமல், நான் மட்டும். மூணு வாரம் கழிச்சுத்தான் "வர்றியா?"ன்னு கேட்டேன். அவள் எடைமெஷினைக் கொண்டு வரச் சொல்லி, தானே குனிஞ்சு நம்பரைப் பார்த்துட்டுத்தான் காரில் ஏறினாள்.

நீங்க கட்டுறதா இருந்தா மூணே விஷயம். முதல்ல உங்க காரோட கையேடு. அதில் இழுக்கிற எடை போடலைன்னா இழுக்காதீங்க. உங்க ஊர்ச் சட்டத்தையும் பார்த்துக்குங்க. இரண்டாவது, தண்ணி, பேட்டரி மாதிரி கனமான சாமானோட இடத்தை முதலில் முடிவு பண்ணிட்டு, அச்சை அதுக்கு அப்புறம் பொருத்துங்க. நான் தலைகீழா செஞ்சேன். மூணாவது, ஆட ஆரம்பிச்சா பிரேக்கைப் போட்டு மிதிக்காதீங்க, எதிர்ப்பக்கம் திருப்பாதீங்க. ஆக்சிலரேட்டரை விட்டுட்டு நேரா பிடிங்க.

வியென்டோவுக்குக் கடைசியில் போனோம். ராத்திரி முழுக்கக் காத்து, விடியக்காலையில் மழை. முதுகு நனையலை. காலையில் கிளம்புறதுக்கு முன்னாடி அப்பாவுக்கு எடைமெஷின் போட்டோவை அனுப்பினேன். "தண்ணி தீர்ந்திருக்குமே, இப்ப நிறுத்தியா?"ன்னு கேட்டார்.

நிறுத்தலை. கேனில் பாதிதான் இருந்தது. ரொப்பிட்டு மறுபடி நிறுத்திப் பார்த்த பிறகுதான் கிளம்பினோம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே. பத்திரமா ஓட்டுங்க.